வான்காரர் பதில்கள்: பத்துமலைக்குப் போன எட்டுப் பேர்

சென்ற இதழில் மலேசியாவின் பத்துமலை முருகன் குகைக்கோயிலுக்குப் போய்வந்ததை நாலு வரியில் எழுதி முடித்திருந்தேன். அது என் பிழை. கடிதமும் வட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. ஆகவே இந்த முறை முழுக்க அதுதான். வான் ரயரைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு சொல். நான் பரந்தனில் இருபத்திரண்டு வருடம் வான் ஓடினவன். கோயில், கலியாணம், செத்தவீடு என்று வன்னிச் சனத்தை ஏற்றி இறக்கினவன். வானை விற்றாயிற்று. என் அக்காவின் மகள் கோலாலம்பூரில் குடும்பமாக இருக்கிறாள். அவள் கூப்பிட்டுத்தான் போனோம். பத்துமலைக்குப் போன அன்று எட்டுப் பேர்: நான், மனைவி, அக்கா, மருமகள், அவள் புருஷன், அவர்களின் நாலு வயதுப் பொடியன், என் கூட்டாளி மில்லுக்காரன், அவன் மனைவி. மில்லுக்காரனுக்குப் பெயர் உண்டு. நெல்லுக் குத்தும் மில் வைத்திருந்ததால் அந்தப் பெயரை ஊரே மறந்துவிட்டது.

கேள்வி: அப்பாவுக்கு வயது எழுபத்திரண்டு, முழங்கால் வருத்தம். பத்துமலைக்கு ஒருநாள் போதுமா? எத்தனை மணிக்குப் போக வேண்டும்? — வாசகி, வவுனியா

ஒருநாள் வேண்டாம், அரைநாள் போதும் தங்கச்சி. கோலாலம்பூர் நகரத்திலிருந்து வடக்கே பதின்மூன்று கிலோமீற்றர்தான். பரந்தனில் இருந்து ஆனையிறவு கடந்து இயக்கச்சிப் பக்கம் போய்வருவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். சென்ற்ரல் ஸ்ரேசனில் கொமியூட்டர் ரயில் ஏறினால் கோயில் வாசலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். கடைசி ஸ்ரேசன் அதுதான், தவறவிட முடியாது.

நாங்கள் போகும்போது கிராப் என்கிற வாடகைக் கார் இரண்டு பிடித்து விடியவே போனோம். ஏழு மணிக்கு அடிவாரத்தில் நின்றோம். அந்த நேரத்தில் வெயிலும் இல்லை, பஸ்களில் வரும் சுற்றுலாச் சனமும் இல்லை. பத்து மணி ஆனால் படி சுடும், கைபிடிக் கம்பியும் சுடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். போய் இறங்கின மறுநாளே அப்பாவை விடியற்காலையில் எழுப்பாதீர்கள். அங்கே நேரம் எங்களை விட இரண்டரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. அங்கே ஆறு மணி என்றால் எங்களுக்குப் பின்னிரவு மூன்றரை. வவுனியாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வானில் குலுங்கி, பிறகு மூன்றரை மணித்தியாலம் விமானத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்த மனிசனை அந்த நேரத்தில் எழுப்பினால் முருகனையா நினைப்பார்? இரண்டு நாள் விட்டுக் கூட்டிப்போங்கள்.

படி 272. எண்ணிக்கையைக் கேட்டுப் பயப்படாதீர்கள், படியின் அளவைத்தான் பார்க்க வேண்டும். செங்குத்து, ஒடுக்கம். எனக்கு ஒன்பதாம் நம்பர் சப்பாத்து; பாதத்தை நேரே வைத்தால் குதி வெளியே நிற்கிறது. ஏறும்போது அது தெரியாது. இறங்கும்போதுதான் முழங்கால் சொல்லும். கம்பியை ஒரு கையால் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, பாதத்தைக் குறுக்காக வைத்து இறங்கச் சொல்லுங்கள். நெல்லு மூட்டையோடு பலகையில் இறங்குகிறவன் இப்படித்தான் இறங்குவான். இதைச் சொல்லித்தந்தது மில்லுக்காரன். 2018 ஆம் ஆண்டு ஓகஸ்டில் படிகளுக்குப் பல நிறத்தில் வர்ணம் பூசியிருக்கிறார்கள். படத்தில் வடிவாகத்தான் இருக்கும். மழை பெய்தால் வழுக்கும், கவனம்.

இடையிடையே நின்று மூச்சு வாங்கத் தட்டு உண்டு. நாங்கள் போனபோது ஏற வேறு வழி எதுவும் கண்ணில் படவில்லை. அப்பாவால் ஏலாது என்றால் கீழேயும் சந்நிதிகள் இருக்கின்றன, வாங்கிலும் இருக்கிறது, புறாக் கூட்டமும் இருக்கிறது. ஆனால் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. கூட ஒருவர் நிற்க வேண்டும், அது மருமகளாக இருக்கக் கூடாது. "நீங்கள் போங்கோ, நான் நிக்கிறன்" என்று முதலில் சொல்வது எந்த வீட்டிலும் மருமகள்தான். சொல்லிவிட்டு மூன்று மாதம் மனதில் வைத்திருப்பாள்.

கேள்வி: நல்லூர், சந்நிதி, கதிர்காமம் எல்லாம் இங்கே இருக்க, முருகனைக் கும்பிடக் கடல் கடக்க வேண்டுமா? காசுத் திமிர்தானே? — ஒரு பக்தன், முழங்காவில்

அக்காவின் மகள் அங்கே இருக்கிறாள் ஐயா. முருகன் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

கேள்வி: ஐந்து குடும்பம் சேர்ந்து போக நினைக்கிறோம். போன வருடம் கதிர்காமம் போய் வரும்போது செலவுக் கணக்கில் சண்டை வந்து, இரண்டு வீட்டார் இன்னும் கதைப்பதில்லை. கூட்டமாகப் போகிறவர்களுக்கு உங்கள் ஆலோசனை? — வாசகர், மாங்குளம்

ஐந்து குடும்பமா! தம்பி, இருபத்திரண்டு வருடம் பின்பார்வைக் கண்ணாடியில் சனத்தின் முகம் பார்த்தவன் சொல்கிறேன்: ஒரு பயணத்தைக் கெடுப்பது தூரமும் இல்லை, படியும் இல்லை. மூன்று விசயம். காசு ஒரு கையில் இல்லாதது, மூத்திர அவசரத்தை வெட்கப்பட்டு மறைக்கிறது, தொலைந்தால் எங்கே நிற்பது என்று பேசி வைக்காதது.

காசுக்கு நாங்கள் வைத்த முறை இது. புறப்படுமுன் ஆளாளுக்கு ஒரே தொகை போட்டு ஒரு சின்னப் பையில் சேர்த்தோம். பை என் மனைவியின் கையில். சாப்பாடு, ரயில், அர்ச்சனை எல்லாம் அதிலிருந்து. சொந்தத்துக்கு வாங்கும் சாமான் மட்டும் அவரவர் காசு. முடிந்ததும் மிச்சத்தைப் பிரித்தோம். சண்டையே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். மில்லுக்காரன் எதைக் கண்டாலும் மனதுக்குள் ரூபாயாக்கிப் பெருக்கி, உரத்துச் சொல்லிக்கொண்டே வந்தான். "இந்தத் தோசை எங்கட காசுக்கு எவ்வளவு தெரியுமோ?" என்று கேட்டுக் கேட்டே அவன் மனைவியின் தோசையை ஆறவைத்துவிட்டான். பெருக்கிப் பார்க்கிறவனுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடாதீர்கள். இது என் தனிப்பட்ட ஆலோசனை.

இன்னொன்றும் உண்டு. மலேசியத் தமிழர் ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள். மருமகள் எங்களுக்குச் சொல்லியிருந்தாள், இவன் கவனிக்கவில்லை. அடிவாரத்தில் இளநி விலை கேட்டான். கடைக்காரர் வெள்ளிக்கணக்கில் சொன்னார். இவன் என்னிடம் திரும்பி வந்து, "ஒரு இளநி குடிக்கிறதுக்கு எதுக்கடா இத்தினை வெள்ளி விரதம் இருக்கச் சொல்லுறான்?" என்கிறான். கடைக்காரர் சிரித்த சிரிப்பில் விலையைக் கொஞ்சம் குறைத்தே கொடுத்தார். அவர் எங்களைப் பார்த்து "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டது எனக்குப் பிடித்துப்போயிற்று. காலைச் சாப்பாட்டை அவர்கள் பசியாறுதல் என்கிறார்கள். 'சாப்பிட்டாச்சோ' என்று நாங்கள் கேட்பதில் அந்தப் பசி இல்லை.

தொலைந்த கதைக்கு வருகிறேன். வெளிநாட்டில் எங்கள் போன்கள் பாதி வேலை செய்யவில்லை. ஆகவே மருமகளின் புருஷன் முதலிலேயே சொன்னான்: ஆராவது தவறினால் பெரிய சிலைக்குக் கீழே வந்து நில்லுங்கோ. நல்ல யோசனை. அந்த முருகன் சிலையின் உயரம் 42.7 மீற்றர், அதாவது 140 அடி. 2006 ஜனவரியில் திறந்தது. பொன்வர்ணம், கையில் வேல், படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். எங்கள் வத்திராயன் தென்னை மூன்றை ஒன்றுக்கு மேல் ஒன்று நட்டாலும் அந்த உயரம் வருமோ தெரியாது. கண் தெரியாதவன் மட்டும்தான் தவறவிடுவான் என்று நினைத்தோம்.

மில்லுக்காரன் கழிப்பறை தேடிப் போனான். அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று, ஆளைக் காணோம். அவன் மனைவி அழத் தொடங்கிவிட்டாள். நாங்கள் ஏழு பேரும் முருகனின் காலடியில் நிற்கிறோம். கடைசியில் ரயில் ஸ்ரேசன் பக்கம் தேடிப் போன மருமகளின் புருஷன் கண்டுபிடித்தான். இராமாயணக் குகைக்கு முன்னால் ஒரு அனுமார் நிற்கிறார், ஐம்பது அடி, பச்சை நிறம். அவருக்குக் கீழே இவன் கைகட்டிக்கொண்டு, எங்களில் கோபத்தோடு நிற்கிறான். "பெரிய சிலை எண்டுதானே சொன்னனியள்? இது சின்னனோ?"

அவனைக் குறை சொல்ல முடியாது. சிலையின் பெயரையும் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவை அங்கே தங்கச்சி கூப்பிடுகிறாள், பத்துமலைக்கும் கூட்டிப்போக ஆசைப்படுகிறாள். ஆனால் 2009க்குப் பிறகு அம்மா மூடின இடம் எதற்குள்ளும் போவதில்லை. லிப்ற் ஏற மாட்டா, இரவில் கதவு பூட்ட விடமாட்டா. குகை என்று சொன்னாலே முகம் மாறுகிறது. கூட்டிப் போகலாமா? — மகள், புதுக்குடியிருப்பு

மகள், உங்கள் கடிதத்துக்கு இரண்டு நாள் கழித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். என் அக்காவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அதை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. கதவைத் திறந்து வைத்துப் படுக்கிறா, அவ்வளவுதான். மழைக்குச் சாரல் அடித்து உள்ளே வந்தாலும் திறந்துதான்.

அக்காவும் மகளும் கிளிநொச்சியில் இருந்து வெளிக்கிட்டு, இடம் மாறி இடம் மாறி, கடைசியில் முள்ளிவாய்க்காலில் நின்றவர்கள். ஒவ்வொரு இடத்திலும் பதுங்கிக்கொள்ளப் பங்கர்க் குழி வெட்டினார்கள். கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரியும். சேலைகளைக் கிழித்துப் பையாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கினார்கள். அக்காவின் கூறைச்சேலையும் அப்படித்தான் போயிற்று. மருமகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் அப்போது அவர்களோடு இல்லை. வேறு பக்கத்தால் வந்துவிட்டேன். அதனால்தானோ என்னவோ, பத்துமலையில் நான் செய்தது பிழையாகப் போயிற்று.

272 படியும் அக்கா ஏறினா. என்னை விட நன்றாகவே ஏறினா. மேலே போய், குகையின் வாய் தெரிகிற இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டா. களைப்பு என்று நினைத்தேன். பின்னால் சனம் வந்துகொண்டிருந்தது. "வா அக்கா, ஆக்கள் நிக்கினம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா அப்படியே படியில் குந்திவிட்டா. முகத்தில் வியர்வை, கை சில்லிட்டுப் போயிற்று.

"அங்கால வாசல் இருக்கோ?" என்று கேட்டா.

எனக்கு விளங்கவில்லை. எந்த வாசல் என்றேன். மருமகள் என்னைத் தள்ளிவிட்டு, தாய்க்குப் பக்கத்தில் அதே படியில் குந்தினாள். "இருக்கு அம்மா. பின்பக்கம் மேலால திறந்திருக்கு. வானம் தெரியும்" என்றாள். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. சனம் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனது. ஒரு வெள்ளைக்காரப் பெண் தண்ணீர்ப் போத்தல் நீட்டினாள்.

நான் அர்ச்சனை ரிக்கெற் எடுக்கிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். உண்மையில் அங்கே நிற்க எனக்கு முகம் இல்லை.

அந்தக் குகை எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். குகை என்றதும் குனிந்து நுழைகிற பொந்து என்று நாங்கள் நினைக்கிறோம். அது அப்படி இல்லை. முகடு ஏறக்குறைய நூறு மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுண்ணக்கல் மலை, கல்லே நாற்பது கோடி வருடப் பழசு என்கிறார்கள். மழைத் தண்ணீர் ஊறி ஊறிக் கல்லைக் கரைத்துத் தானாக உண்டான மண்டபம். மேலிருந்து விழுதுபோலக் கல் தொங்குகிறது, அதன் நுனியில் தண்ணீர் சொட்டுகிறது. என் பிடரியில் ஒரு சொட்டு விழுந்து, யார் என்று திரும்பிப் பார்த்தேன். உள்ளே நடந்து போனால் இன்னும் கொஞ்சம் படி. அதில் ஏறினால் முகடே இல்லை. பெரிய கிணற்றின் அடியில் நிற்பதுபோல, சுற்றிவரக் கல்லுச் சுவர், மேலே வட்டமாக வானம், விளிம்பில் மரங்கள். அந்த இடத்தில் வள்ளி தெய்வானையோடு முருகனுக்கு ஒரு சின்னக் கோயில்.

அர்ச்சனை முடித்துத் திருநீற்றோடு அங்கே போனபோது அக்கா ஏற்கெனவே அங்கே இருந்தா. எந்த நேரம் எழும்பி, எப்படி என்னைக் கடந்து போனா என்று தெரியாது. வெளிச்சம் விழுகிற இடத்தில், சுவரில் ஒரு உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றா. கல்லைத் தட்டிப் பார்த்தா. "சரியாது" என்றா. அவ்வளவுதான். அன்றைக்கும் பிறகும் அதைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகும் கதவு திறந்துதான் கிடக்கிறது. ஒருநாள் கோயிலுக்குப் போனதும் எல்லாம் மாறிவிட்டது என்று நான் உங்களுக்கு எழுதினால் அது பொய்.

ஆகவே, மகள், கூட்டிப் போகலாம், ஆனால் அம்மாவுக்கு முதலே எல்லாம் சொல்லி வையுங்கள். முகடு உயரம், பின்பக்கம் திறந்திருக்கிறது, வெளியே வர யாரும் தடுக்கமாட்டார்கள் என்று சொல்லுங்கள். குகைக்குள் எடுத்த வீடியோ இருந்தால் தங்கச்சியை அனுப்பச் சொல்லிக் காட்டுங்கள். கீழே இருக்கும் இராமாயணக் குகைக்குள் முதலில் கொண்டுபோக வேண்டாம். அது மூடின குகை, நிற விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், காசும் கொடுக்க வேண்டும். மேலே உள்ள கோயில் குகைக்குக் காசு இல்லை. அம்மா வாசலில் நின்றால் நிற்கட்டும். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். அம்மாவோடு அந்த நாட்களில் கூட இருந்த ஆள் யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது. திரும்பி இறங்க வேண்டும் என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் இறங்குங்கள்.

கேள்வி: எங்கள் அம்மப்பா மலாயாவில் ரயில்வேயில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். பத்துமலைக்கும் யாழ்ப்பாணத்தவர்களுக்கும் தொடர்பு உண்டா? பத்து மலை இருப்பதாலா அந்தப் பெயர்? — வாசகர், மல்லாவி

பெயரில் இருந்து தொடங்குகிறேன். மலைகளை எண்ணிப் பார்க்க வேண்டாம். மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். பக்கத்தில் ஓடும் ஆற்றுக்குப் பெயர் சுங்கை பத்து, அதாவது கல்லாறு. எங்களிடமும் கல்லாறு இருக்கிறது. தமிழ்ச் சனம் பத்துமலை என்று தங்கள் காதுக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டது.

அந்தக் குகைகளில் முன்பு ஒதுங்கியவர்கள் தெமுவான் என்னும் அந்த மண்ணின் பழங்குடி மக்கள். 1878 இல் ஹோர்னடே என்ற அமெரிக்க இயற்கையியலாளர் எழுதிய பிறகுதான் வெளியுலகம் கவனித்தது. கோயில் வைத்தவர் தம்புசாமிப் பிள்ளை, இந்திய வழித் தமிழர், கோலாலம்பூரில் பெரிய வணிகர். குகையின் வாய் வேல் மாதிரித் தெரிந்ததால் முருகனுக்கு இதுதான் இடம் என்று நினைத்தாராம். 1891 இல் முருகனை வைத்தார். 1892 இல் இருந்து தைப்பூசம் நடக்கிறது. முதலில் படியே இல்லை. 1920 இல் மரப்படி போட்டார்கள், கொங்கிறீற் படி பிறகு வந்தது. மரப்படிக்கும் முன்னால் அந்தச் சனம் கல்லைப் பிடித்துப் பிடித்து ஏறியிருக்கிறது. அதை நினைத்த பிறகு என் முழங்காலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

உங்கள் அம்மப்பாவைத் தேடுவதென்றால் போக வேண்டிய இடம் வேறு. சென்ற்ரல் ஸ்ரேசனுக்குக் கிட்ட, பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில், ஸ்கொட் வீதியில் கந்தசாமி கோயில் இருக்கிறது. இலங்கைத் தமிழர் கட்டிய கோயில். பிரிட்டிஷ்காரர் ரயில்பாதை போட்ட காலத்தில் கிளாக்கராகவும் ஸ்ரேசன் மாஸ்ரராகவும் போனவர்கள் எங்கள் ஆட்கள். மத்தியானம் பத்துமலையில் இருந்து கொமியூட்டர் ஏறினால் இறங்குகிற இடமே அதுதான், இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். அந்தக் கோயிலுக்குள் கால் வைத்ததும் என் மனைவி சொன்னது: "நல்லூர் மணக்குது." பூசையும் எங்கள் வழக்கம்தான். அங்கே ஒரு வயதானவர் எங்களைப் பார்த்து "நீங்கள் ஊரில் எவடம்?" என்று கேட்டார். பரந்தன் என்றேன். அவர் பிறந்ததே மலாயாவில். ஆனாலும் "எவடம்" என்ற சொல்லை விடவில்லை.

கேள்வி: தைப்பூசத்துக்குப் போனால் காவடி எல்லாம் பார்க்கலாமே. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். போகலாமா? — வாசகி, கிளிநொச்சி

வேண்டாம். வற்றாப்பளைப் பொங்கல் இரவில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நந்திக்கடல் பக்கம் நின்றிருக்கிறீர்களா? தைப்பூசத்தில் பத்துமலைக்கு வருகிற சனம் பத்து லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். தைப்பூசத்துக்கு முன்பே நகரத்து மாரியம்மன் கோயிலில் இருந்து இரவில் வெள்ளிரதம் புறப்பட்டு விடிய விடிய நடக்கும். காவடி எடுக்கிறவர்களுக்கு 272 படியும் வழி விடவேண்டும். பிள்ளைகள் பெரிதாகட்டும், பிறகு அவர்களே உங்களைக் கூட்டிப்போவார்கள்.

கேள்வி: எங்கள் வன்னியிலேயே மலைக்கோயில் இருக்கிறதே, அதை ஏன் எழுதவில்லை? — வாசகர், நெடுங்கேணி

எழுதாதது குற்றம்தான். உங்கள் பக்கத்து ஒலுமடுக் காட்டுக்குள் இருக்கும் வெடுக்குநாறிமலையைச் சொல்கிறீர்கள். பாறைமேல் ஆதிலிங்கேஸ்வரர், பாறையில் பிராமி எழுத்து. வான் ஓடின காலத்தில் பொங்கலுக்குச் சனத்தைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன். காட்டுப் பாதையில் வானின் பக்கம் முழுக்க முள்ளுக் கீறல். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேச்சு வாங்கினேன். 2023 மார்ச்சில் அங்கிருந்த விக்கிரகங்கள் உடைக்கப்பட்டுக் கிடந்ததும், நீதிமன்றம் வரை போனதும், 2024 சிவராத்திரி இரவில் எட்டுப் பேர் கைதாகிப் பிறகு விடுவிக்கப்பட்டதும் நீங்கள் அறிந்ததே. போக விரும்புகிறவர்கள் உள்ளூர்க்காரரிடம் அன்றைய நிலைமையைக் கேட்டுவிட்டு, தண்ணீரும் கொண்டு, வெயில் ஏறுமுன் போங்கள். பத்துமலையில் படி இருக்கிறது, இளநி இருக்கிறது, ரயில் இருக்கிறது. இங்கே நீங்களும் காடும்தான். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், பதில் சொல்லிக் கடிதம் வாங்கிக் கட்டிக்கொள்ள விருப்பம் இல்லை.

கேள்வி: அங்கே குரங்கு இருக்குமாமே, கடிக்குமா? — தரம் 5 மாணவன், ஒட்டுசுட்டான்

வா தம்பி. இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன்.

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டும்போது யாரும் நிற்காமல் போவதில்லை என்று உனக்குத் தெரியும். நாங்கள் கட்டுநாயக்காவுக்குப் போகும்போதும் நின்றோம். தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கினோம். மருமகள் போனில் கேட்டதே அது ஒன்றுதான்: "மாமா, முறிகண்டிக் கச்சான் ஒரு பை." மண்ணில் வறுத்த, தோலோடு இருக்கிற கச்சான். உடுப்புக்கு நடுவில் சுற்றிக் கோலாலம்பூர் வரை கொண்டுபோனேன். பத்துமலைக்குப் போன அன்று, மேலே முருகனுக்கு முன்னால் வைத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு படி ஏறினேன். அது என் மூளை.

நூற்றைம்பதாவது படி இருக்கும். கம்பியில் ஒரு குரங்கு இருந்தது. நீளவால், சாம்பல் நிறம், கிழவன் முகம். என்னைப் பார்க்கவே இல்லை, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைக் கடந்தேன். அடுத்த கணம் கை வெறுமை. பறித்த மாதிரியே தெரியவில்லை, கடையில் காசு கொடுத்து வாங்கினதுபோல எடுத்துக்கொண்டு போயிற்று. பத்துப் படிக்கு மேலே போய் இருந்து பையைப் பல்லால் கிழித்தது. ஒரு கச்சானை எடுத்தது. இரண்டு விரலால் நடுவில் அமத்தி, தோலைப் பிளந்து, பருப்பை எடுத்து, செம்மஞ்சள் சவ்வையும் உள்ளங்கையில் தேய்த்து ஊதியது. ஊதியது தம்பி! எங்கள் அப்பு ஊதுகிற மாதிரி. பிறகு சாப்பிட்டது. மருமகளின் பொடியன் கைதட்டினான். மருமகள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை.

எனக்குக் கோபம் வந்து செருப்பைக் கழற்றினேன். பக்கத்தில் வந்த ஒரு மலேசியத் தமிழ் அம்மா, "வேணாங்க, வம்பு பண்ணா கடிச்சிரும்" என்றா. செருப்பைத் திரும்பப் போட்டேன்.

கேட்டதற்குப் பதில்: கடிக்கும். கையில் பொலித்தீன் பையோ, போத்தலோ, பிஸ்கற்றோ வைத்திருக்காதே. கண்ணாடி போடுகிறவன் என்றால் கழற்றிப் பைக்குள் வை. பறித்தால் விட்டுவிடு, திரும்பப் பறிக்கப் போகாதே. அதன் கண்ணை உற்றுப் பார்க்காதே, பல்லைக் காட்டிச் சிரிக்காதே. சண்டைக்கு வருகிறாய் என்று நினைக்கும். கடித்தால் ஊசி போட வேண்டிவரும், அதுவும் ஒன்றோடு முடியாது.

கச்சான் மட்டும் கொண்டு போகலாம். ஆனால் மூடின பைக்குள், அடியில், துவாய்க்குக் கீழே.